வீடியோ காலில் அலங்கரித்த வீடு

என் கணவர் கத்தாரில் வீடுகளுக்கு உள்வேலை செய்யும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். பதினாறு வருடமாக அதே வேலை. அங்கே கட்டுகிற பெரிய வில்லாக்களில் கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போடுவார்கள், சுவருக்கு மேல் இன்னொரு சுவர் ஒட்டுவார்கள். எல்லாம் சரியாக முடிந்திருக்கிறதா, இணைப்பில் முடி அளவுகூட இடைவெளி இல்லையா என்று கையால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்காரர்கள் குடிவருவார்கள்.

பாளையங்கோட்டையின் தெற்கு ஓரத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, அதன் பின்னால் துணி துவைக்க ஒரு சின்ன இடம். மொட்டை மாடிக்குப் படி வெளியே. கல்யாணமாகி எட்டாம் வருடம் கட்டினோம். கட்டியபோது கையில் இருந்ததை வைத்துக் கட்டியதால் உள்ளே ஒன்றும் செய்யவில்லை. ஒரு இரும்பு பீரோ, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் கம்பியில் தொங்கும் நைலான் கயிறு. அவர் லீவில் வரும்போதெல்லாம் ஹாலின் நடுவில் நின்று கூரையைப் பார்ப்பார். "இத ஒருநாள் சரியா செய்யணும்ட்டி" என்பார். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகள் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போன வருடம் அந்த ஒருநாள் வந்தது. அப்போது நான் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

"வேலக்காரங்க உள்ள நிக்கும்போது வீட்ல ஆள் இருக்காண்டாமா? ஒரு ஆறு மாசம் லீவு போடேன்" என்றார் போனில்.

"ஆறு மாசம் லீவெல்லாம் தரமாட்டாவ, அத்தான்."

"அப்ப விட்டுரு. நான் எதுக்கு இங்க கெடந்து கஷ்டப்படுதேன்? நீ நல்லா இருக்கணும்னுதான?"

வேலையை விட்டேன். பிள்ளைகள் காகிதத்தில் பூ வரைந்து கொடுத்தார்கள். அதை எங்கே ஒட்டுவது என்று அன்றைக்கே ஒரு பிரச்சினை இருந்தது. சுவரெல்லாம் சுரண்டப் போகிறார்கள் என்பதால் பீரோவுக்குள் வைத்தேன்.

மரவேலைக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு ஆசாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும். பேச்சு குறைவு. என் கணவருக்கு ஊர்ப் பழக்கத்தில் தெரிந்தவர். காலை ஒன்பது மணிக்கு அவரும் இரண்டு ஆட்களும் வருவார்கள். பத்தரைக்குக் கத்தாரிலிருந்து வீடியோ கால் வரும். நான் போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடப்பேன்.

"அங்கன இல்லட்டி, இன்னும் கொஞ்சம் மேக்க திருப்பு. கீழ. கீழ காட்டு. அந்த மூல."

பேச்சு அவருக்கும் ஆசாரிக்கும் நடுவில்தான். நான் போன் பிடிக்கிற ஆள். கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொள்வேன். திரையில் அவர் முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது ஒரு பெரிய ஹால் தெரியும். பளிங்குத் தரை, கூரையிலிருந்து கொத்தாகத் தொங்கும் கண்ணாடி விளக்கு, ஆள் உயரத்துக்கு ஜாடி. அவர் வேலை பார்க்கும் வில்லாக்கள் அவை. வருடக்கணக்காக அப்படித்தான் அவரைப் பார்த்திருக்கிறேன், யாரோ ஒருவருடைய அழகான ஹாலில் நின்றபடி.

முதலில் நிறம் வந்தது. மூன்று நிறங்களைப் படமாக அனுப்பி எது பிடித்திருக்கிறது என்று கேட்டார். மூன்றும் எனக்குச் சாம்பலாகவே தெரிந்தன. "இளமஞ்சள் நல்லா இருக்கும்லா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பழைய ஸ்டைலுட்டி. இப்ப எல்லாரும் இதான் அடிக்காவ."

சாம்பல் அடித்தார்கள். பிறகு ஹாலின் மேற்குச் சுவர் முழுவதையும் மூடி டி.வி.க்கு ஒரு பலகைச் சுவர் வர வேண்டும் என்றார். அந்தச் சுவரில் ஒரு சன்னல் இருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் அதைத் திறந்து வைத்தால் மலைப்பக்கத்துக் காற்று ஹாலைத் தாண்டிச் சமையலறை வரை வரும்.

ஆசாரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார். "தம்பி, இது மேக்காத்து வார சன்னலுல்லா. இத மூடுனா உள்ள வெக்க நிக்கும்."

"ஏ.சி. போடுதோம் அண்ணாச்சி. சன்னல் தொறந்தா தூசிதான் வரும். அடைச்சிருங்க."

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் போனைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சமையலறையில் இதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. சுவரோடு சுவராகக் கூரை வரைக்கும் உயரமான அலமாரி ஒன்று வர வேண்டும். ஃபிரிட்ஜ், ஓவன், மளிகை எல்லாம் அதற்குள்ளேயே. அதற்கு இருந்த ஒரே இடம் பின்வாசல். அதையும் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார்.

"பொறவாசல அடைக்கக் கூடாது தம்பி. அவசரத்துக்கு வேணும்லா" என்றார் ஆசாரி.

"அவசரத்துக்கு முன்வாசல் இருக்குல்லா அண்ணாச்சி."

துணி துவைக்கப் போக வேண்டுமென்றால் அதற்குப் பிறகு நான் முன்வாசல் வழியாக வெளியே வந்து வீட்டைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஈரத்துணி வாளியோடு அப்படிச் சுற்றி வரும்போது பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே பார்த்து, "என்ன டீச்சர், பிரகாரம் சுத்துதியளா?" என்று கேட்பாள். அவள் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தனியாக இருக்கிறாள். வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வருவாள்.

ஆறு மாதம் என்று சொன்ன வேலை எட்டு மாதம் ஓடியது. முடிந்தபோது வீடு அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். கூரையின் ஓரங்களில் ஒளிந்திருக்கும் விளக்குகள் தேன் நிறத்தில் எரிந்தன. அலமாரிகளுக்குக் கைப்பிடி கிடையாது. அழுத்தினால் திறக்கும். முதலில் வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்றே வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் எனக்கு அதில் எப்படி இருப்பது என்று தெரியவில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சர்ச்சில் கொடுத்த காலண்டரை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி, தேதி பார்க்க வேண்டுமென்றால் அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஈரக்கை பட்டால் கதவில் தடம் விழும் என்று இடுப்பில் எப்போதும் ஒரு துணி. மீன் பொரித்தால் வாடை சோபாவில் ஏறும். எனவே மீன் பொரிப்பதில்லை. பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. வேலை நடக்கும்போது பாதுகாப்புக்கு என்று ஹாலில் ஒன்றும் வாசலில் ஒன்றுமாக இரண்டு கேமரா வைத்திருந்தார். முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றார். எடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "ஏட்டி, அந்தக் குஷன் ஏன் கோணலா கெடக்கு?"

நான் எழுந்து போய்க் குஷனை நேராக வைத்தேன். வைத்துவிட்டு, எங்கே கேமரா இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்காமல் சமையலறைக்குள் போனேன். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பதினாறு வருடம் கோணலைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தவர். ஆனால் அன்றிலிருந்து சோபாவில் உட்காருவதை விட்டேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்துதான் பேப்பர் படித்தேன்.

தீபாவளி லீவுக்கு மகள் வந்தாள். பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். "சூப்பரா இருக்கும்மா" என்றாள். பிறகு, "ஆமா, நாம எங்கன உக்காரணும்?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். நான் சிரித்து முடித்த பிறகு அழுகை வந்துவிட்டது. அவள் பார்த்துவிடாமல் அலமாரியைத் திறந்து தேதி பார்ப்பதுபோல் நின்றேன்.

அவள் திரும்பிப் போன அடுத்த வாரம் மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் கொஞ்சம் வெளுத்தது. அன்று என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவருக்குப் பள்ளியில் பணி ஓய்வு விழா. வேலையை விட்ட பிறகு நான் அந்தப் பள்ளிக்குள் கால் வைக்கவில்லை. போக வேண்டும் என்று ஆசையாக இருந்தது. பட்டுச் சேலை கட்டினேன். பத்து மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு முன்கதவைத் திறக்கப் போனேன்.

அந்த எட்டு மாத வேலையில் முன்கதவும் புதிதாக வந்திருந்தது; அதில் இருந்தது சாவிப் பூட்டு அல்ல, எண் அழுத்தித் திறக்கும் பூட்டு. வெளியிலிருந்து எண்ணை அழுத்தலாம், உள்ளேயிருந்து ஒரு குமிழைத் திருகலாம். திருகினேன். நகரவில்லை. மழை ஈரத்தில் கதவு ஊதி நிலையோடு இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பலம் கொடுத்துத் திருகியபோது குமிழ் கழன்று என் கையோடு வந்தது.

அதை மறுபடி துளையில் செருகிப் பார்த்தேன், நிற்கவில்லை.

படுக்கையறைச் சன்னலுக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். வந்தாள். எண் பூட்டோடு அவசரத்துக்கு ஒரு சாவியும் தந்திருந்தார்கள். அதைக் கம்பி வழியாகக் கொடுத்தேன். அவள் முன்வாசலுக்குப் போய் நான் சொன்ன எண்ணை அழுத்தினாள், திறக்காததால் சாவியைப் போட்டுத் திருகினாள். பாதி திரும்பி நின்றுவிட்டது. தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னாள். கதவு அசையவில்லை. அவ்வளவு உறுதியாகச் செய்திருந்தார்கள்.

அக்கா சன்னலுக்கு வந்து சொன்னாள். "விடுங்க டீச்சர். வீட்டுக்குள்ளதான இருக்கிய? சோறு இருக்கு, தண்ணி இருக்கு, ஃபேன் ஓடுது. என்ன கொறச்சல்? ஆள் வந்து தொறக்கட்டும்."

அவள் சொன்னது உண்மைதான். மற்ற நாட்களிலும் அந்த நேரத்தில் நான் வீட்டுக்குள்தான் இருந்திருப்பேன். சில நாட்களில் அந்தக் கதவைத் திறந்திருக்கவே மாட்டேன். ஆனால் இப்போது ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்தேன். மறுபடி குடித்தேன். ஹாலுக்குப் போனேன், சமையலறைக்குப் போனேன். பின்வாசல் இருந்த இடத்தில் அலமாரி நின்றது. டி.வி.க்குப் பின்னால் சன்னல் இருந்த இடத்தைப் பலகையில் கையால் தட்டிப் பார்த்தேன். உள்ளே காலியாகச் சத்தம் கேட்டது. அதற்குள் மின்சாரமும் போனது. இருட்டு என்று சொல்ல முடியாது. காலை பதினொரு மணி. ஆனால் ஹாலில் என் சேலையின் நிறம் எனக்கே தெரியவில்லை.

கணவருக்குப் போன் செய்தேன். அப்போது அவர் மாறியிருந்த புது வில்லாவில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கிடைக்கும். நமக்கு அது இரண்டரை மணி. ஆசாரிக்குப் போன் செய்தேன். அவர் அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டில் வேலையில் இருந்தார்.

"ஒண்ணும் பயப்படாதிய டீச்சர். நான் பஸ் ஏறுதேன். மழைக்கு ரோடெல்லாம் சரியில்ல, நேரம் ஆவும். அதுவரைக்கும் கதவ யாரும் இடிக்காண்டாம்."

பள்ளியில் விழா ஆரம்பித்திருக்கும். பிறகு சாப்பாடு போட்டிருப்பார்கள். நான் பட்டுச் சேலையோடு சன்னலை ஒட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மற்றவை அலமாரிகளுக்குப் பின்னால் போய்விட, அந்த ஒரு சன்னல்தான் மூடாமல் மிஞ்சியிருந்தது. அக்கா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வெளியே போட்டு உட்கார்ந்தாள். டீ போட்டுக் கம்பிக்கு நடுவில் தம்ளரை நீட்டினாள். என் வீட்டில் எல்லாம் இருந்தும் அந்த டீயைத்தான் குடித்தேன்.

"அழுதியளா டீச்சர்?"

"இல்லக்கா."

"அழுங்க, ஒண்ணுமில்ல. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்" என்று சொல்லி நிஜமாகவே திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஆசாரி வர இரண்டு மணி தாண்டிவிட்டது. கதவை வெளியிலிருந்து தட்டிப் பார்த்தார். பிறகு சன்னலுக்கு வந்தார்.

"பூட்டு பக்கம் ஒண்ணும் செய்ய முடியாது. கீலு உள்பக்கம் இருக்கு. மூணு கீலு. ஒவ்வொண்ணுலயும் நடுவுல ஒரு குச்சி ஓடும். அத கீழ இருந்து மேல தட்டி எடுத்துட்டா கதவு அந்தப் பக்கமா வந்துரும். ஆனா நீங்கதான் தட்டணும்."

"எனக்குத் தெரியாதே அண்ணாச்சி."

"நான் சொல்லுதேன்லா."

சுத்தியலையும் நீளமான ஆணி ஒன்றையும் கம்பி வழியாகக் கொடுத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதவடியில் உட்கார்ந்தேன். அவர் கதவின் மறுபக்கம் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆணியைக் குச்சியின் அடியில் நேராக வையுங்க. பைய தட்டுங்க. கையைப் பார்த்து. முதல் நாலு அடியும் என் விரலில் விழுந்தன. ஐந்தாவது அடியில் குச்சி ஒரு நெல்லளவு மேலே ஏறியது.

அப்போது வீடியோ கால் வந்தது. அவர்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"கதவ ஒண்ணும் செய்யாதிய! அது ஒரே பலகைல செஞ்ச கதவுட்டி. கீறல் விழுந்தா சரி பண்ணவே முடியாது. நான் பூட்டுக் கம்பெனிக்குச் சொல்லுதேன். மதுரைல இருந்து ஆள் வருவான்."

"எப்ப வருவான்?"

"நாளைக்கு வந்துருவான். ஒரு நாள்தான? வீட்டுக்குள்ளதான இருக்க?"

அவருக்குப் பின்னால் வெள்ளை நிறத்தில் ஒரு மாடிப்படி வளைந்து மேலே போனது. நான் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தேன். "ஏட்டி, ஏட்டி" என்று அது பேசிக்கொண்டிருந்தது. ஆணியை எடுத்து அடித்தேன். அன்று அந்தக் கதவை அடித்ததுபோல் என் வாழ்க்கையில் நான் எதையும் அடித்ததில்லை.

மூன்றாவது குச்சி வந்ததும் ஆசாரி, "இப்ப தள்ளி நில்லுங்க, அந்த ஓரமா" என்றார். வெளியிலிருந்து மூன்று பேர் கீல் பக்கமாகத் தள்ளினார்கள். கதவு முனகிக்கொண்டு உள்ளே சாய்ந்தது. நடுவில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. அதைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெளியே வந்து தெருவில் ஈரமண்ணில் நின்றேன். அக்கா என் விரலைப் பிடித்து ஊதினாள்.

சாயங்காலத்துக்குள் ஆசாரி கதவை இழைத்து மாட்டினார். "இந்தப் பூட்டு வேண்டாம் அண்ணாச்சி. சாதாரணத் தாழ்ப்பாள் ஒண்ணு போட்டிருங்க" என்றேன். அந்தப் பளபளப்பான கதவில் துளை போட அவருக்கே கை தயங்கியது. "தம்பிட்ட கேக்காண்டாமா?" என்றார். "நான் சொல்லுதேன்லா" என்றேன். போட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் எங்களுக்குள் பேச்சு அளவாக இருந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழை இருக்கா, இல்லை. கீறலைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததிலேயே எவ்வளவு வருத்தப்படுகிறார் என்று தெரிந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

பொங்கலை ஒட்டி நாற்பது நாள் லீவில் வந்தார். வேலை முடிந்த வீட்டை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விட்டு, யாரோ வீட்டுக்குள் வருவதுபோல் வந்தார். சுவரைத் தடவினார். இணைப்புகளைத் தடவினார். முதல் வாரம் முழுவதும் சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அலமாரியையும் அழுத்தித் திறந்து காட்டினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் மகள் பிறந்தபோதுதான் பார்த்திருந்தேன்.

இரண்டாவது வாரம் ஒருநாள் மதியம் அவரைக் காணவில்லை. பெரிய படுக்கையறையில் கட்டில் விரித்தபடி கிடந்தது. மகளுடைய அறையில் போய்ப் பார்த்தேன். அங்கே வார்ட்ரோபுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டரை அடி இடைவெளி உண்டு. அதில் பாய் விரித்து, முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முழங்காலை மடக்கிச் சின்னதாகக் கிடந்தார். ஒரு கை சுவரைத் தொட்டிருந்தது. வந்த நாளிலிருந்து அவர் கண் சிவந்து கிடந்ததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

எழுந்ததும் டீ கொடுத்துவிட்டுக் கேட்டேன். "அங்கன ஏன் போய்ப் படுத்திய?"

டீயை ஊதிக் குடித்தார். பிறகு, "அகலமா இருந்தா தூக்கம் வரமாட்டேங்கு" என்றார்.

"ஏன்?"

"அங்க எங்க ரூம்ல ஆறு பேருட்டி. மூணு கட்டிலு, மேல ஒருத்தன் கீழ ஒருத்தன். எனக்குச் சுவர் ஓரமா கீழ் கட்டில். கை நீட்டுனா சுவர். மேல மேக்கட்டில் பலகை. பதினாறு வருசமா அதுக்குள்ளதான் தூங்குதேன். சன்னல் கெடையாது."

"நீங்க ஒருநாளும் காட்டலியே."

"என்னத்தக் காட்ட? நீ என்ன நெனப்ப? அதான் வேல முடிஞ்ச வீட்ல நின்னு பேசுவேன்."

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பதினாறு வருடத்தில் நானும் ஒருநாள்கூட, உங்க ரூம் எப்படி இருக்கு என்று கேட்டதில்லை. அதற்காக என் கோபம் போய்விடவில்லை. போயிருந்தால் அன்றைக்கு நான் பேசியிருக்கவே மாட்டேன்.

"அத்தான், இந்த வீடு நல்லா இல்லன்னு நான் சொல்லல. ஆனா இதுல எனக்கு மூச்சு முட்டுது. நீங்க அங்க ஒரு கட்டிலுக்குள்ள கெடக்கிய. இங்க எல்லாத்தையும் அடைச்சு என்னயும் ஒரு பெட்டிக்குள்ள வச்சிருக்கிய. அன்னைக்கு அஞ்சு மணி நேரம் உள்ள கெடந்தேன். நீங்க கதவுக்குத்தான் பயந்திய."

அவர் டீத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் ஒனக்காகத்தான் செஞ்சேன்" என்றார்.

"தெரியும். என்னட்ட கேக்காம செஞ்சிய."

அன்றும் மறுநாளும் அவர் ஹாலில் டி.வி. போடாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் ஆசாரி வந்து நின்றார். இவர் கூப்பிட்டிருக்கிறார். உயரமான அலமாரியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மகளின் அறைக்கு மாற்றினார்கள். செங்கலை உடைக்கும் வேலையை இவரே செய்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் சாந்துப்பொடி படிய, பின்வாசலைத் திறந்தார். ஹால் கேமராவையும் கழற்றினார். டி.வி. சுவரைக் கழற்ற மனம் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவர் ரொம்ப ஆசைப்பட்டுச் செய்தது அது. அந்தச் சன்னல் இன்னும் பலகைக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஹாலில் இன்னும் பகலில் விளக்குப் போடுகிறேன். பள்ளியில் என் இடத்துக்கு வேறு டீச்சர் வந்துவிட்டார்.

நாற்பது நாள் முடிந்து போனார். போகாமல் இருக்க முடியாது. மகள் படிப்பு இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது.

போன ஒரு வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை நாள், வீடியோ கால் வந்தது. பின்னால் வில்லா இல்லை. முதல் தடவையாக அந்த ரூமைக் காட்டினார். டியூப்லைட் வெளிச்சம். இரும்புக் கட்டில்கள். அவருடைய கட்டிலை மறைக்கப் பழைய காவி வேட்டி ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். ஓரம் நைந்து ஒருபக்கம் கிழிந்திருந்தது. அதை விலக்கி உள்ளே காட்டினார். ஒரு தலையணை, ஒரு பெட்டி, சார்ஜர்.

"இவ்வளவுதான்ட்டி" என்றார். வீடு காட்டுகிற குரலிலேயே சொன்னார்.

மறுநாள் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். மறைப்புத் துணி வேண்டும் என்றேன். சாம்பலில் நிறைய எடுத்துப் போட்டார்கள். தள்ளிவிட்டு, இலைப்பச்சையில் பெரிய மஞ்சள் பூப்போட்ட ஒன்றை எடுத்தேன். அவரிடம் கேட்கவில்லை. வீட்டில் அக்காவின் தையல் மிஷினில் மேல் ஓரத்தில் கயிறு கோக்க மடிப்புத் தைத்தேன். நீளம் எவ்வளவு வேண்டும் என்று மட்டும் போனில் கேட்டுக்கொண்டேன். எதற்கு என்று சொல்லவில்லை.

அவருக்கு மேல் கட்டிலில் இருப்பவருக்குக் காயல்பட்டினம். லீவில் ஊருக்கு வந்திருந்தார். அந்த வாரமே திரும்புகிறார். துணியையும் இரண்டு உடன்குடிக் கருப்பட்டியையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் வாங்கிக்கொண்டாள். என் வயதுதான் இருக்கும். பொதியைப் பிரித்து, துணியை முழுதாக விரித்துப் பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ், நல்ல கலரு" என்றாள். பிறகு அதை மடித்துக்கொண்டே, "கீழ் கட்டில்ல ஒங்க வீட்டுக்காரரு. மேல இவங்க எத வச்சு மறைச்சுக்கிடுதாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவளுக்கும் யாரும் காட்டியதில்லை. எனக்குத் தெரியவில்லை என்றேன். துணி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து அவர் கூப்பிட்டார். பச்சைத் துணி கட்டிலை மறைத்துத் தொங்கியது. அந்த ரூமில் வேறு எதற்கும் நிறமே இல்லாததால் அது மட்டும் கண்ணைப் பறித்தது.

"என்னட்டி இது, கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி. எல்லாரும் சிரிக்கானுவ."

"கழட்டிட்டியளா?"

"இல்ல. கெடக்கு."

பிறகு துணியை இழுத்துவிட்டு உள்ளே போனார். அந்தப் பக்கத்து வெளிச்சம் துணி வழியாக வந்து அவர் முகத்தில் லேசாகப் பச்சை விழுந்தது. தலையணையில் சாய்ந்துகொண்டு, காயல்காரரும் பச்சையில் ஒன்று கொண்டுவந்து மேலே கட்டியிருக்கிறார் என்றார். இரண்டு துணியும் ஒரே நிறமா என்று கேட்டேன். இல்லை, அது கொஞ்சம் கருத்த பச்சை, தையலும் சரியில்லை, ஓரம் ஒரு விரல் கோணல் என்றார்.